வாசகர் கேள்வி–பதில்: ரைஃபிளுக்கு மாற்று விசை வாங்குமுன்

சென்ற இதழில் அரைத்தானியங்கி (ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு தோட்டாவைச் சுடும்) ரைஃபிள்களின் விசையமைப்பு எவ்வாறு இயங்குகிறது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. ரைஃபிளோடு வந்த விசையை எடுத்துவிட்டு வேறொரு நிறுவனம் செய்து விற்கும் மாற்று விசையைப் போட்டால் அது பொருந்துமா என்பதே அந்தக் கேள்வி. ரைஃபிளின் துளையில் பின் (விசையைத் தாங்கும் சிறு உருளைக் கம்பி) நுழைந்துவிட்டாலே விசை பொருந்திவிட்டது என்று பலரும் எண்ணியிருப்பது கடிதங்களில் தெரிந்தது. அந்த எண்ணத்தால் விளையக்கூடிய கேடு பெரிது என்பதால் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் உள்ளது 1990-களில் செய்யப்பட்ட ஏஆர்-15 வகை ரைஃபிள். அண்மையில் வாங்கிய மாற்று விசையின் பெட்டியில் ‘மில்-ஸ்பெக்’ (இராணுவத் தர அளவு) என்று அச்சிட்டிருந்தது. பொருத்திப் பார்த்தால் பின்கள் இரண்டும் துளைகளில் ஆடுகின்றன. பின்னைச் சுற்றி மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்துகொள்ளலாமா?

பதில்: தகடு வைக்க வேண்டாம். அந்த விசையை இன்றே கழற்றிவிடுங்கள். ஏஆர்-15 வகையில் விசைக்கும், தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியலுக்கும் உரிய பின்கள் பொதுவாக 0.154 அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.9 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டவை. மாற்று விசை செய்யும் நிறுவனங்கள் ‘மில்-ஸ்பெக்’ என்று சொல்லும்போது இந்த அளவைத்தான் கருதுகின்றன. ஆனால் கோல்ட் நிறுவனம் 1990-களில் பொதுமக்களுக்கு விற்ற ரைஃபிள்கள் பலவற்றில் துளைகள் 0.170 அங்குலம், ஏறத்தாழ 4.3 மில்லிமீட்டர். உங்கள் ரைஃபிளின் வயதையும் நீங்கள் சொல்லும் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், அது இந்தப் ‘பெரிய பின்’ வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். பழைய விசையோடு இருந்த பின்னை எடுத்துக் காலிப்பரில் அளந்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். பெரிய பின்னுக்கென்றே சில நிறுவனங்கள் தனி விசைகளைச் செய்கின்றன. அவற்றுள் ஒன்றைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

தகடு ஏன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசையின் மூக்கு சுத்தியலின் வெட்டில் பற்றிக்கொண்டிருக்கும் பரப்பு மிகச் சிறியது. நகக்கண்ணின் ஓரத்தில் தோன்றும் வெண்ணிறக் கீற்றின் அகலம்கூட அதற்கு இருக்காது. அவ்வளவு சிறிய விளிம்பின் மீதுதான் முழுதும் முறுக்கேறிய ஸ்பிரிங்கின் அழுத்தத்தோடு சுத்தியல் காத்து நிற்கிறது. பின்கள் இரண்டும் தத்தம் இடத்தில் அசையாமல் இருந்தால்தான் இந்தப் பற்று எப்போதும் ஒரே ஆழத்தில் இருக்கும். பின் ஆடினால், ஒரு முறை ஆழமாகவும் அடுத்த முறை மேலோட்டமாகவும் பற்றும். மேலோட்டமாகப் பற்றியிருக்கும் வேளையில் ரைஃபிள் கைதவறிக் கீழே விழுந்தாலோ, எதன் மீதாவது மோதினாலோ, யாரும் விசையைத் தொடாமலேயே சுத்தியல் விடுபடக்கூடும். நீங்கள் செருகும் தகடு முதல் இருபது முப்பது சுடுதலுக்குத் தாங்கலாம். அதற்குப் பின் அது நசுங்கி இடம் மாறியதை உங்களுக்கு யாரும் அறிவிக்கப் போவதில்லை.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விசை, சுத்தியல், டிஸ்கனெக்டர் (விரல் விசையை அழுத்தியிருக்கும்போது திரும்பி வரும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் பாகம்) ஆகிய மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடைத்து வரும் ‘கேசட்’ வகை விசைகளில் அந்தப் பாகங்களின் ஒத்திசைவை நிறுவனமே சரிசெய்து அனுப்புகிறது. ஆகவே உங்கள் ரிசீவரின் (விசையமைப்பு அமரும் உடற்பகுதி) துளையளவில் சிறு வேறுபாடு இருந்தாலும் பற்றின் ஆழம் மாறாது. அது பெரிய நன்மை. ஆனால் கூடு முழுவதும் ரிசீவருக்குள் ஆடாமல் நிற்க வேண்டுமல்லவா? அதற்காகப் பல கேசட்டுகளின் அடியில் சிறு திருகாணிகள் வைத்திருப்பார்கள். அவை ரிசீவரின் தரையை அழுத்திக் கூட்டை மேலே தள்ளிப் பின்களோடு இறுக்கும். இந்தத் திருகாணிகளைச் சரியான அளவு இறுக்காமலும், அவை தளராதிருக்கப் பூட்டுப்பசை இடாமலும் விட்டுவிட்டு, ‘விசை சரியில்லை’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் பலர். கையேட்டில் இதற்கென ஒரு பக்கம் இருக்கும். அதைப் படித்த பிறகு கருவியைக் கையில் எடுங்கள்.

கேள்வி: 5.56 மில்லிமீட்டர் ரைஃபிளில் மூன்றாண்டுகளாகக் குறையின்றி உழைத்த ஒரு கேசட் விசையை, புதிதாக வாங்கிய 9 மில்லிமீட்டர் கார்பைனுக்கு (குட்டை ரைஃபிள்) மாற்றினேன். ரிசீவர் ஒரே வடிவம்தான். துளைகளும் ஒரே அளவு. சில நூறு தோட்டாக்களுக்குள் சுத்தியலின் பின் முறிந்துவிட்டது. விசையில் குறையா, கார்பைனில் குறையா?

பதில்: இரண்டிலும் குறை இல்லாமல் இருக்கலாம். அவை ஒன்றுக்கொன்று ஆகாதவை, அவ்வளவுதான். பழுதுபார்க்க வந்த இத்தகைய கார்பைன் ஒன்றைத் திறந்தபோது நான் கண்டதைச் சொல்கிறேன். சுத்தியலின் பின், நடுவில் உள்ள பள்ளத்தோடு இரண்டாக முறிந்திருந்தது. பின்னைச் சுத்தியலோடு பிடித்துவைக்கும் சிறு ஸ்பிரிங் வந்து உட்காரும் பள்ளம் அது; பின்னின் மிக மெல்லிய இடமும் அதுவே. முறிந்த முகத்தில் பாதி மங்கலாகவும் பாதி பளபளப்பாகவும் இருந்தது. விரிசல் ஒரே நாளில் வந்ததன்று, சிறிது சிறிதாக வளர்ந்து கடைசியில் விட்டிருக்கிறது என்பதை அந்த மங்கலான பாதி காட்டியது. சுத்தியலின் முகத்திலும் போல்ட் (தோட்டா அறையின் பின்பக்கத்தை மூடும் பாகம்) வந்து மோதிய இடத்தில் உலோகம் திரண்டு விளிம்பு கட்டியிருந்தது.

காரணம் போல்ட்டில் இருக்கிறது. 5.56 ரைஃபிளில் போல்ட் பூட்டிக்கொண்டிருக்கும். குண்டு குழலில் ஓரளவு தூரம் சென்ற பின் எடுக்கப்படும் வாயுதான் போல்ட்டைத் தாங்கிச் செல்லும் கேரியரைப் பின்னே தள்ளுகிறது. கேரியரின் அடிப்பகுதி சுத்தியலின் மீது வழுக்கிக்கொண்டு சென்று அதைக் கீழே மடக்கும். 9 மில்லிமீட்டர் கார்பைன்களில் பெரும்பாலானவற்றில் பூட்டு என்பதே கிடையாது. போல்ட்டின் கனம் ஒன்றுதான் தடை. தோட்டாவின் உறையே அதைப் பின்னே எறிகிறது. அந்தக் கனத்த இரும்பு சுத்தியலைச் சந்திக்கும் கோணமும் செங்குத்தானது, வேகமும் வேறு. சில போல்ட்டுகள் சுத்தியலை அதன் வழக்கமான எல்லைக்கு மேலும் கீழே அழுத்திவிடுகின்றன. அப்போது பின் முறியும். கேசட் என்றால் சில வேளை சுத்தியலே ரிசீவரின் தரையிலோ கூட்டின் அடியிலோ மோதி விரிசல் விடும்.

ஆகவே 9 மில்லிமீட்டர் கார்பைனுக்கு விசை வாங்கும்போது ‘ஏஆர்-15-க்குப் பொருந்தும்’ என்ற சொல் போதாது. கைத்துப்பாக்கித் தோட்டாவில் இயங்கும் கார்பைன்களுக்கு ஏற்றது என்று அந்த நிறுவனமே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். தங்கள் விசையை இத்தகைய கார்பைன்களில் போடக் கூடாது என்று வெளிப்படையாக எச்சரிக்கும் நிறுவனங்களும் உண்டு. உங்கள் போல்ட்டின் அடியில் சுத்தியலை மடக்கும் சரிவு எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். சரிவு படிப்படியாக இறங்கி முனை உருண்டிருந்தால் நல்லது. படிக்கட்டுபோல் செங்குத்தாக இருந்தால், எந்த விசையைப் போட்டாலும் அது நெடுநாள் உழைக்காது.

கேள்வி: இலகுவான இழுப்புக்காக விசை ஸ்பிரிங், சுத்தியல் ஸ்பிரிங் இரண்டையும் மெல்லியவையாக மாற்றினேன். இப்போது பத்துத் தோட்டாக்களில் ஒன்றிரண்டு வெடிப்பதில்லை. பிரைமரில் (தோட்டாவின் அடியில் அடிபட்டதும் வெடிக்கும் சிறு மூடி) மெல்லிய பள்ளம் மட்டும் விழுகிறது.

பதில்: சுத்தியல் ஸ்பிரிங்கைப் பழையதற்கே மாற்றிவிடுங்கள். இழுப்பின் கனத்தைக் குறைக்க எளிய வழி சுத்தியல் ஸ்பிரிங்கை மெலிதாக்குவதுதான் என்பதால் மலிவான ஸ்பிரிங் தொகுப்புகள் அதையே செய்கின்றன. ஆனால் அந்த ஸ்பிரிங்தான் பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னுக்கு அடியின் வலிமையைத் தருகிறது. இராணுவத் தரத்துத் தோட்டாக்களின் பிரைமர்கள் வேண்டுமென்றே கடினமாகச் செய்யப்படுபவை. ஏஆர்-15-இன் ஃபயரிங் பின்னைப் பின்னிழுக்க ஸ்பிரிங் எதுவும் இல்லாததால், போல்ட் மூடும்போது அது தானே முன்னோக்கிச் சென்று பிரைமரை லேசாகத் தொடும். மென்மையான பிரைமராக இருந்தால் அந்தத் தொடுகையிலேயே வெடித்துவிடும் அபாயம் உண்டு என்பதால் அவை கடினமாக்கப்பட்டன. மெலிந்த சுத்தியல் ஸ்பிரிங்கும் கடினமான பிரைமரும் சேர்ந்தால் நீங்கள் சொல்லும் குறைதான் வரும்.

ஸ்பிரிங்கை மாற்றுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். சுத்தியல் ஸ்பிரிங்கின் இரண்டு கால்களும் விசையின் பின் மீது படிந்திருக்க வேண்டும். அவற்றுள் ஒரு கால் பின்னின் ஓரத்துப் பள்ளத்தில் அமர்ந்து, பின் வெளியே நழுவாமல் பிடித்திருக்கும். ஸ்பிரிங்கைத் தலைகீழாக மாட்டிவிட்டால் ரைஃபிள் இயங்குவதுபோலத்தான் தோன்றும். ஆனால் அடி மெலிந்துபோகும், பின்னும் மெல்ல மெல்ல வெளியே வரும். புதிதாகப் பொருத்துகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

கேள்வி: புதிய விசையைப் பொருத்திய பிறகு சேஃப்டி (விசையைப் பூட்டும் பாதுகாப்புத் தாழ்) திரும்ப மறுக்கிறது. விசையின் வால்பகுதியை அரத்தால் சற்றுத் தேய்க்கலாம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: முதலில் சுத்தியல் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஆர்-15-இல் சுத்தியல் விழுந்த நிலையில் சேஃப்டியைப் பூட்ட முடியாது. விசை சற்றே சாய்ந்து நிற்பதால் அதன் வால் உயர்ந்து சேஃப்டியின் உருளையைத் தடுக்கும். அது குறையன்று, அமைப்பே அப்படித்தான். சுத்தியலை மடக்கிய பின் சேஃப்டி இயல்பாகத் திரும்பினால் உங்கள் விசையில் ஒரு குறையும் இல்லை.

சுத்தியல் மடங்கியிருந்தும் திரும்பவில்லை என்றால், விசையின் வாலும் சேஃப்டியின் உருளையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத அளவில் இருக்கின்றன என்று பொருள். வழக்கமான சேஃப்டி 90 பாகை திரும்பும். இப்போது 45 பாகை, 60 பாகை மட்டும் திரும்பும் குறுகிய வகைகளும், இடக்கையாலும் வலக்கையாலும் இயக்கக்கூடிய வகைகளும் வந்துவிட்டன. அவற்றின் உருளை வெட்டு வேறு மாதிரி இருப்பதால் எல்லா விசையோடும் அவை ஒத்துப்போவதில்லை. சில விசைகளின் வாலை அளவுக்கேற்பத் தேய்த்துப் பொருத்த வேண்டும் என்று நிறுவனமே கையேட்டில் சொல்லியிருக்கும். அப்போதும் பழகிய கைவினைஞரிடம் கொடுப்பதே முறை. கையேட்டில் அப்படி இல்லையென்றால் அரத்தைத் தொடாதீர்கள். வாலைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் சேஃப்டி எளிதாகத் திரும்பும்; ஆனால் பூட்டியிருக்கும்போதும் விசை சிறிது நகரும். பூட்டிய ரைஃபிளில் விசையை அழுத்திவிட்டுச் சேஃப்டியை எடுத்ததும் சுத்தியல் தானே விழுவதை நான் பார்த்திருக்கிறேன். அன்று ரைஃபிளின் அறையில் தோட்டா இல்லை. தேய்த்த உலோகம் திரும்ப வளராது. ஒரு சேஃப்டியை மாற்றும் செலவோ அதைவிட மிகச் சிறியது.

கேள்வி: இறக்குமதியான ஏகே வகை ரைஃபிளுக்கு மாற்று விசை வாங்க நினைக்கிறேன். ‘ஒற்றைக் கொக்கி’, ‘இரட்டைக் கொக்கி’ என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எதைத் தேர்வது?

பதில்: முதலில் உங்கள் ரிசீவரின் தரையைப் பாருங்கள். ஏகே விசையில் சுத்தியலைப் பற்றும் கொக்கிகள் விசையின் இரண்டு பக்கமும் இருக்கலாம், ஒரு பக்கம் மட்டுமே இருக்கலாம். இரட்டைக் கொக்கிக்கு ரிசீவரின் தரையில் அதற்குரிய இடம் வெட்டப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கு வந்த பல ரிசீவர்களில் ஒற்றைக் கொக்கிக்கு மட்டுமே இடம் உண்டு. இடம் இல்லாத ரிசீவரை வெட்டி இரட்டைக் கொக்கியைப் போடுவது வேண்டாத வேலை. ஒற்றைக் கொக்கி விசைகளே நன்றாக உழைக்கின்றன.

ஏகேயில் பின்கள் 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. அவற்றை ஒரு வளைந்த கம்பியோ சிறு தகடோ பிடித்திருக்கும். மாற்று விசையைப் போட்டபின் அந்தக் கம்பி பின்களின் பள்ளத்தில் மீண்டும் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். கேரியரைக் கையால் மெதுவாக இழுத்து, அது சுத்தியலின் மீது ஏறும் இடத்தில் உராய்ந்து சிக்குகிறதா என்பதையும் கவனியுங்கள். ஏகே பல நாடுகளில் பல தொழிற்சாலைகளில் செய்யப்பட்டது. ஏஆர்-15-இல் எதிர்பார்க்கும் அளவொற்றுமையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. நீண்ட சேஃப்டி நெம்புகோலின் உட்புறக் கை விசையின் பின்பகுதி மீது படிந்து அதைத் தடுக்க வேண்டும். புதிய விசையின் பின்பகுதி உயரம் வேறாக இருந்தால் நெம்புகோல் மேலே ஏறாது, அல்லது ஏறியும் தடுக்காது. சுடும்போது விரலில் விசை திருப்பி அறைவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அது பெரும்பாலும் டிஸ்கனெக்டரின் வடிவத்தால் வருவது. நல்ல மாற்று விசை அந்தத் தொல்லையைத் தீர்த்துவிடும்.

நீங்கள் அமெரிக்காவில் இருப்பவராயின் சட்டம் ஒன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இறக்குமதிக்குத் தகுதியற்ற வகை ரைஃபிள் ஒன்றை இறக்குமதிப் பாகங்களிலிருந்து ஒன்றுகூட்டுவதைக் கூட்டாட்சிச் சட்டத்தின் 922(ஆர்) பிரிவு தடுக்கிறது. அதற்குரிய விதியில் 20 பாகங்களின் பட்டியல் இருக்கிறது. அவற்றுள் 10-க்கு மேல் வெளிநாட்டுப் பாகங்கள் இருக்கக் கூடாது. விசை, சுத்தியல், டிஸ்கனெக்டர் மூன்றும் அந்தப் பட்டியலில் தனித்தனியே எண்ணப்படுகின்றன. உங்கள் ரைஃபிளில் ஏற்கெனவே உள்ள விசைத் தொகுதி அமெரிக்காவில் செய்ததாயிருந்து, அதை எடுத்துவிட்டு வெளிநாட்டுத் தொகுதியைப் போட்டால், கணக்கு ஒரேயடியாக மூன்று கூடிவிடும். பொறியியல் அடிப்படையில் கச்சிதமாகப் பொருந்தும் விசை சட்டத்தில் பொருந்தாமல் போவது இப்படித்தான். வாங்குமுன் அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ருகர் 10/22-க்கு மாற்று விசை பொருத்துவது கடினமா?

பதில்: இல்லை; தொடங்குகிறவர்களுக்கு ஏற்ற ரைஃபிள் அதுதான். 1964-இல் வெளிவந்த நாள் முதல் அதன் விசைத் தொகுதி முழுவதும் இரண்டு குறுக்குப் பின்களைத் தள்ளினால் கையோடு வந்துவிடும். முழுத் தொகுதியாக மாற்றுவதே நல்லது. ருகர் நிறுவனமே இலகுவான இழுப்புள்ள தொகுதி ஒன்றைத் தனியே விற்கிறது. தொகுதிக்குள் விசை மட்டுமல்லாமல் மேகசின் தாழும், வெற்றுறையை வெளியே தட்டிவிடும் இஜெக்டரும் இருக்கின்றன. ஆகவே விசையை மாற்றிய பின் வெற்றுறைகள் வெளியேறாமல் சிக்கினால், குறையை மேகசினில் தேடாமல் முதலில் புதிய தொகுதியின் இஜெக்டரைப் பாருங்கள்.

கேள்வி: சர்வீஸ் ரைஃபிள் போட்டியில் கலந்துகொள்ள விரும்புகிறேன். எத்தனை பவுண்டு விசை வாங்க வேண்டும்? ஒற்றை நிலையா, இரட்டை நிலையா?

பதில்: அமெரிக்காவில் சிஎம்பி (சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம்) நடத்தும் சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளில் இழுப்பு 4.5 பவுண்டுக்குக் குறையக் கூடாது. ரைஃபிளை நிமிர்த்திப் பிடித்து, விசையில் அந்த எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். சுத்தியல் விழாமல் எடை தரையைவிட்டு எழ வேண்டும். 4.5 பவுண்டு என்று விளம்பரப்படுத்தும் விசையையே வாங்கி, முதல் போட்டியிலேயே சோதனையில் தவறிய ஒருவர் மனமுடைந்து என்னிடம் வந்தார். ஸ்பிரிங் பழகப் பழக அதன் விறைப்பு சற்றுத் தளரும், பற்றும் முகங்களும் உராய்ந்து வழவழப்பாகும், அளவு 4.4-க்கு இறங்கிவிட்டாலும் போட்டிக்கு ஆகாது. ஆகவே இரண்டு மூன்று நூறு சுடுதலுக்குப் பின்னும் 4.75-ஐ ஒட்டி நிற்கும் விசையைத் தேடுங்கள், அல்லது அளவைத் திருத்திக்கொள்ளக்கூடியதை வாங்குங்கள். இராணுவ ரைஃபிள்களின் சாதாரண இழுப்பு 5.5 பவுண்டில் தொடங்கி 9 பவுண்டுக்கு மேலும் செல்லும் என்பதால் 4.75 என்பது உங்கள் விரலுக்குப் பெரிய விடுதலையாகவே இருக்கும்.

நிலை என்பது பழக்கத்தைப் பொறுத்தது என்றாலும், குறிபார்த்து நிதானமாகச் சுடும் போட்டிக்கு நான் இரட்டை நிலையையே பரிந்துரைப்பேன். முதல் நிலையில் எடையின் பெரும்பகுதியை விரல் ஏற்றுக்கொண்டு ஒரு சுவரில் வந்து நிற்கும். மீதியைச் சிறிதளவு அழுத்தினால் சுத்தியல் விடுபடும். கைஸ்லி (Geissele) நிறுவனத்தின் எஸ்எஸ்ஏ விசையில் இந்தப் பிரிவு ஏறத்தாழ 2.5 பவுண்டும் 2 பவுண்டும் ஆகும். முதல் நிலையின் நீண்ட பயணத்தில் பற்றின் ஆழம் நிறைய இருப்பதால், கடைசி அழுத்தம் இலகுவாக இருந்தும் ரைஃபிள் அதிர்வைத் தாங்கும். ஒற்றை நிலையில் அதே அளவு இலகுவைப் பெற முயன்றால் பற்றைக் குறைக்க வேண்டியிருக்கும். குளிரில் உறைந்த விரலும் தடித்த கையுறையும் உள்ள வேட்டைக்காரர்கள் இதைப் போட்டியாளர்களைவிடக் கூடுதலாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: விசையை விடும்போதும் சுடும் ‘பைனரி’ விசை, விரலைத் தானே முன்னே தள்ளும் ‘ஃபோர்ஸ்டு ரீசெட்’ விசை ஆகியவற்றுள் எது என் ரைஃபிளுக்குப் பொருந்தும்?

பதில்: இவற்றைப் பற்றி இந்தப் பகுதியில் பரிந்துரை எதுவும் செய்யப் போவதில்லை. பம்ப் ஸ்டாக் (பின்னதிர்வைக் கொண்டு வேகமாகச் சுடவைக்கும் பின்கட்டை) வழக்கில் 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு ‘எல்லாம் அனுமதிக்கப்பட்டுவிட்டது’ என்று நம்பி எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தீர்ப்பு பம்ப் ஸ்டாக்கைப் பற்றியது. மாநிலங்கள் தனியே இயற்றிய தடைகளை அது தொடவில்லை. மற்ற நாடுகளில் சட்டம் முற்றிலும் வேறு. உங்கள் இடத்தின் சட்டமறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் பணத்தைச் செலவிடாதீர்கள்.

கேள்வி: மாற்று விசை பொருத்திய பின் ஒருமுறை, ஒரே அழுத்தத்தில் இரண்டு தோட்டாக்கள் வெடித்தன. அதற்குப் பின் இருபது சுட்டும் மீண்டும் நேரவில்லை. தற்செயல் என்று விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது; அந்த இருபதையும் நீங்கள் சுட்டிருக்கவே கூடாது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்த கவலையில்தான் இந்தப் பகுதி முழுவதையும் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது தோட்டா வெடிக்கும்போது குழல் எங்கே நோக்கியிருக்கிறது என்பது உங்கள் கையில் இல்லை; முதல் அதிர்வில் அது மேலே எழும்பியிருக்கும். சட்டமும் இதைச் சிறிதாகக் கருதாது. அமெரிக்கச் சட்டத்தின்படி, விசையின் ஒரே இயக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்களைத் தானே சுடும் ஆயுதம் இயந்திரத் துப்பாக்கியாகும். குறை என்று தெரிந்த பிறகும் அதை எடுத்துச் சுடுவது உங்களைப் பெரும் இக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

விரல் இன்னும் விசையை அழுத்தியிருக்கும்போது, திரும்பி வரும் சுத்தியலைப் பிடித்து நிறுத்துவது டிஸ்கனெக்டரின் வேலை. விரலை விட்டதும் அது சுத்தியலை விசையின் மூக்கிடம் ஒப்படைக்கும். இந்த ஒப்படைப்பில் எங்கோ தவறுகிறது. இரண்டு நிறுவனங்களின் பாகங்களைக் கலந்து போட்டிருக்கலாம். டிஸ்கனெக்டரின் ஸ்பிரிங் தலைகீழாகவோ நசுங்கியோ இருக்கலாம். பற்று மிகக் குறைவாக இருப்பதால் போல்ட் மூடும் அதிர்விலேயே நழுவியிருக்கலாம். இழுப்பு மிக இலகுவாக இருந்தால், பின்னதிர்வில் உங்கள் விரலே அறியாமல் இரண்டாம் முறை அழுத்தியிருக்கவும் கூடும். இவற்றுள் எது என்பதைச் சுட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். டிஸ்கனெக்டரைத் தேய்த்தோ வளைத்தோ சரிசெய்யவும் வேண்டாம். பழைய விசையைத் திரும்பப் போடுங்கள். புதியதை முழுத் தொகுதியாக நிறுவனத்துக்கோ உரிமம் பெற்ற கைவினைஞருக்கோ அனுப்புங்கள்.

எந்த விசையை மாற்றினாலும் தோட்டாவைத் தொடுமுன் செய்ய வேண்டிய சோதனையை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். ஏஆர்-15 வகையை வைத்துச் சொல்கிறேன். மேகசினை எடுத்துவிடுங்கள், போல்ட்டைத் திறந்து தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள், பிறகு விரல்நுனியாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் இருக்கும் பெட்டியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். ரைஃபிளின் பாகங்களை முழுதும் ஒன்றுசேர்த்த நிலையில் சோதியுங்கள். மேல்பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு சுத்தியலை விழவிட்டால் அது ரிசீவரின் முன்சுவரில் மோதிச் சேதப்படுத்தும். போல்ட்டை இழுத்துவிட்டுச் சேஃப்டியைப் பூட்டி விசையை உறுதியாக அழுத்துங்கள்; ஒன்றும் நேரக் கூடாது. விரலை எடுத்துவிட்டுச் சேஃப்டியை விடுவியுங்கள். அப்போதும் சுத்தியல் விழக் கூடாது. இனி விசையை அழுத்துங்கள். சுத்தியல் விழும் ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும். அழுத்திய விரலை எடுக்காமலேயே போல்ட்டை முழுதும் இழுத்துத் தானே மூட விடுங்கள். சுத்தியல் விழக் கூடாது. பிறகு விரலை மெல்ல மெல்ல, விசை நகர்வதை உணரும் அளவுக்கு மெதுவாகத் தளர்த்துங்கள்; டிஸ்கனெக்டர் சுத்தியலை ஒப்படைக்கும் சிறு ‘கிளிக்’ ஓசை கேட்கும். அந்த ஓசையோடு சுத்தியலும் சேர்ந்து விழுந்தால் அந்த விசை உங்கள் ரைஃபிளுக்கு ஆகாது.

விழவில்லையென்றால் இதையே பத்து முறை செய்யுங்கள். அதற்கும் பிறகு சுடுதளத்தில் முதல் முறை மேகசினில் ஒரே ஒரு தோட்டாவையும், அடுத்த முறை இரண்டையும் மட்டுமே இட்டுச் சுட்டுப் பாருங்கள்.